காப்பகமும் அதிகாரமும்: வேல்ஸின் சுவடிகள், நிழற்படங்கள், வரைபடங்களை முன்வைத்து

ரேமண்ட் வில்லியம்ஸை 'ஆங்கிலேய மார்க்சிய விமர்சகர்' என்றே நம் சிறுபத்திரிகைகளில் எழுதிப் பழகிவிட்டோம். அவர் ஆங்கிலேயர் இல்லை. 1921இல் வேல்ஸின் கிழக்கு எல்லையில் பாண்டி என்ற கிராமத்தில் (நம்ம பாண்டி அல்ல) ரயில்வே சிக்னல்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். 1960இல் வெளிவந்த நாவலுக்கு 'எல்லை நாடு' என்று பெயர் வைத்தவர். தன்னை வெல்ஷ் ஐரோப்பியன் என்று சொல்லிக்கொண்டவர். ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலேயர், அவ்வளவுதான் நம் கணக்கு. இந்தக் கணக்கை நாம் கண்டுபிடிக்கவில்லை. வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து லண்டன் பாராளுமன்றம் 1536இல் சட்டம் போட்டபோது, ஆங்கிலம் பயன்படுத்தாதவருக்கு அங்கே அரசுப் பதவி கிடையாது என்று எழுதி வைத்தது. அந்த மக்கள் தங்கள் நாட்டைக் 'கம்ரி' என்கிறார்கள். ஒரே நாட்டவர் என்ற பொருளில் வந்த சொல். 'வெல்ஷ்' என்பதோ அந்நியன் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சொந்த ஊரில் அந்நியன். அரசியல் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

சில மாதங்களாக அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் கணினி வழியே திறந்துவிட்டிருக்கும் சுவடிகளையும் படங்களையும் வரைபடங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்துகிறது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த 'மரபைக் கண்டுபிடித்தல்' நூலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். படிக்காதவர்களும் மேற்கோள் காட்டியிருக்கிறோம். அதில் வேல்ஸ் பற்றி பிரிஸ் மோர்கன் எழுதிய கட்டுரை முக்கியமானது. வெல்ஷ் மரபு என்று இன்று காட்டப்படுகிற பலவும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சமைக்கப்பட்டவை என்பதை அது காட்டுகிறது. சரிதான். ஆனால் இங்கிருந்து நம் ஆட்கள் ஒரே தாவாகத் தாவி, எல்லாமே புனைவு, ஆகவே எல்லா அடையாளமும் மோசடி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். எல்லாம் புனைவுன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சிதா? புனையும் அதிகாரம் யாரிடம் இருந்தது, கோப்பில் சேர்க்கும் அதிகாரம் யாரிடம், அழிக்கும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகல்லவா தொடங்குகின்றன?

காப்பகத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். தேசிய நூலகம் 1907இல் அரச சாசனம் பெற்றது. எங்கே வைப்பது என்று கார்டிஃபுக்கும் அபெரிஸ்ட்வித்துக்கும் இழுபறி. சர் ஜான் வில்லியம்ஸ் தன் சேகரிப்பைத் தருவதாகச் சொன்னார், அபெரிஸ்ட்வித்தில் வைத்தால்தான் தருவேன் என்ற நிபந்தனையோடு. இவர் விக்டோரியா மகாராணியின் மருத்துவர். இவர் கொடுத்த பெனியார்த் சுவடிகளின் பெரும்பகுதியை ஹெங்கூர்ட் என்ற தன் வீட்டில் சேர்த்து வைத்தவர் பதினேழாம் நூற்றாண்டு நிலவுடைமையாளர் ராபர்ட் வான். ஆக, தேசத்தின் நினைவு என்று இன்று மரியாதையோடு அழைக்கப்படுவது ஒரு நிலக்கிழாரின் வீட்டு அலமாரி, ஒரு அரண்மனை வைத்தியரின் பணம், ஒரு பேரம். அதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. வான் சேர்க்காமல் விட்டிருந்தால் வெல்ஷ் இலக்கியத்தின் பழைய பகுதியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகம். ஆனால் அவர் கைக்கு எட்டியது மட்டும்தான் மிஞ்சியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் சேகரிப்பில் 'கார்மார்தன் கறுப்புப் புத்தகம்' இருக்கிறது. 1250ஐ ஒட்டி எழுதப்பட்டது. முழுக்க வெல்ஷ் மொழியிலேயே அமைந்து இன்று எஞ்சியிருக்கும் சுவடிகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது. ஒரே ஆள் எழுதியது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் எழுத்தின் அளவு மாறுகிறது. ஓரிடத்தில் தாராளமாக, இன்னோரிடத்தில் தோல் தீர்ந்துபோய்விடுமோ என்ற பயத்தில் நெருக்கி நெருக்கி. 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதைப் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தபோது ஓரங்களில் மனித முகங்களும் செய்யுள் வரிகளும் மங்கலாகத் தெரிந்தன. நூற்றாண்டுக்கணக்கில் இதைக் கையாண்ட வாசகர்கள் கிறுக்கி வைத்தவை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சுவடி ஜாஸ்பர் கிரிஃபித் என்பவரிடம் இருந்திருக்கிறது. அவர்தான் இவற்றையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். பழமையில் பக்தி கொண்ட மனிதர். பிரதியைத் தூய்மைப்படுத்துவதாக நினைத்து, அதை வாசித்தவர்களின் தடயத்தைத் துடைத்துவிட்டார். விளிம்பு என்ற சொல்லை நாம் எப்போதும் உருவகமாகவே பயன்படுத்துகிறோம். இங்கே அது நேரடிப் பொருளில் கிடக்கிறது. விளிம்பில் இருந்தவர்கள் அழிக்கப்பட்டார்கள். அழித்தவர் எதிரி அல்ல, காவலர்.

ஹவெல் தா மன்னரின் பெயரால் வழங்கும் சட்டச் சுவடிகளைப் பற்றிப் பெருமையாக எழுதாத வெல்ஷ் தேசியவாதி கிடையாது. மணமுறிவில் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது என்பார்கள். உண்மைதான், ஏழாண்டு சேர்ந்து வாழ்ந்தபின் பிரிந்தால் சரிபாதி. ஆனால் அதே சட்டத்தில் அடிமை என்றொரு பிரிவு உண்டு, அவனுக்கு விலை உண்டு என்பதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். அதோடு ஹவெல் வாழ்ந்தது பத்தாம் நூற்றாண்டில். கிடைத்திருக்கும் சுவடிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி எழுதப்பட்டவை. நடுவே முந்நூறு ஆண்டு. இங்கிலாந்து மன்னன் நெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், எங்களுக்கென்று தனிச்சட்டம் உண்டு என்று சொல்ல வேண்டிய அவசியத்தில் இவை எழுதிக் குவிக்கப்பட்டன. இவற்றில் ஒன்று பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கையடக்கமான பிரதி, வழக்கு நடத்தியவர்கள் கூடவே எடுத்துச்சென்று குறிப்புகள் எழுதிச் சேர்த்தது. பின்னால் எப்படியோ அமெரிக்காவுக்குப் போய் பாஸ்டனில் கிடந்தது. 2012இல் லண்டன் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குத் தேசிய நூலகம் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் வியாஜ்யம் தீர்த்த புத்தகம். இப்போது கண்ணாடிக்குள்.

இனி யோலோ மோர்கானுக். இவர் இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை. இயற்பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826). கல்தச்சர், கவிஞர், ஓபியம் கலந்த லாடனம் என்ற மருந்துக்கு வாழ்நாளெல்லாம் அடிமை, சுவடி தேடி ஊர் ஊராக நடந்தவர், சுவடி கிடைக்காத இடத்தில் தானே எழுதிச் சேர்த்தவர். பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கவிஞர் தாவித் அப் க்விலிமின் கவிதைகள் 1789இல் முதன்முதலாக அச்சேறியபோது பின்னிணைப்பில் பல புதிய கவிதைகள் இருந்தன. யோலோ கண்டெடுத்ததாகச் சொன்னவை. எழுதியது யோலோ. 1926இல் ஜி. ஜே. வில்லியம்ஸ் வரிவரியாக ஆராய்ந்து இதை நிறுவும்வரை அறிஞர்கள் ஏமாந்துகொண்டிருந்தார்கள். பண்டைய ட்ரூயிட் பூசாரிகளின் வழிவந்தது என்று சொல்லி, 1792இல் லண்டனில் ஒரு குன்றின்மேல் கற்களை வட்டமாக அடுக்கி 'கோர்செத்' என்ற புலவர் அவையை நடத்தினார். இன்றும் தேசிய ஐஸ்டெத்வாட் விழாவில் புலவர்கள் நீள அங்கி அணிந்து நடத்தும் சடங்கு அதுதான்.

போலி என்று இவரைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் யோலோவின் பெட்டிகளுக்குள் வேறு காகிதங்களும் கிடக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சியின் ஆதரவாளர். அவருடைய சகோதரர்கள் ஜமைக்காவில் அடிமைகளை வைத்துப் பிழைத்தபோது அந்தப் பணம் வேண்டாம் என்றவர். கௌபிரிட்ஜ் என்ற ஊரில் கடை வைத்து, அடிமைகளின் ரத்தம் படாத சர்க்கரை என்று விளம்பரம் செய்து கிழக்கிந்தியச் சர்க்கரை விற்றவர். (கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்க்கரையில் வேறு யாருடைய ரத்தம் இருந்தது என்பது அவர் கண்ணில் படவில்லை. நம் கண்ணில் படாமல் இருக்க முடியாது.) மன்னர்களும் பிரபுக்களும் கைவிட்டுவிட்ட ஒரு மொழிக்கு, மன்னரும் பிரபுவும் தேவைப்படாத ஒரு பழமையைக் கல்தச்சர் ஒருவர் செய்து கொடுத்தார். அவருடைய கள்ளச்சுவடிகளும் அசல் சுவடிகள் இருக்கும் அதே நூலகத்தில்தான் காக்கப்படுகின்றன. பொய்யாவணமும் ஆவணமே. தன் காலத்தைப் பற்றி அது உண்மை பேசுகிறது.

*

நிழற்படங்களுக்கு வருவோம். வேல்ஸில் எடுக்கப்பட்டு, தேதி உறுதியாகத் தெரியும் படங்களில் பழையது 1841 மார்ச் 9 அன்று கால்வர்ட் ஜோன்ஸ் எடுத்த மார்கம் மாளிகையின் டாகெரோடைப். பளபளக்கும் உலோகத்தகட்டில் ஒரு மாளிகை. ஆள் யாரும் கண்ணில் படவில்லை. காமிரா அன்று பிரபுக்களின் பொழுதுபோக்கு. அது முதலில் பார்த்ததும் அவர்களுடைய வீட்டையே.

ஜான் தாமஸ் (1838–1905) வேறு ரகம். செல்லான் என்ற கிராமத்துக்காரர். 1853இல் பிழைப்புக்காக லிவர்பூலுக்குப் போய் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அதை விட்டு, ஊர் ஊராகப் போய் எழுதுபொருளும் பிரபலங்களின் சிறு படங்களும் விற்றார். விற்கும்போது ஒன்றைக் கவனித்தார்: அந்தப் படங்களில் வெல்ஷ்காரர் அநேகமாக யாருமே இல்லை. உடனே பிரசங்கிமார்களை உட்காரவைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அடங்காத சபைகளின் போதகர்கள் அன்று வெல்ஷ் மக்களிடையே பெற்றிருந்த புகழ் சினிமா நடிகர்களுக்கு இணையானது. 1867இல் லிவர்பூலில் 'கேம்ப்ரியன் காலரி' என்ற ஸ்டுடியோ. அங்கிருந்து கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு வடவேல்ஸ் முழுக்கச் சுற்றினார். ஆலயங்கள், கடைத்தெருக்கள், தொழிலாளர்கள், தர்மசத்திரத்துக் கிழவர்கள், ஊர்ப் பைத்தியங்கள் என்று சொல்லப்பட்டவர்கள்வரை எடுத்தார். இவற்றில் 3,000க்கு மேற்பட்ட தகடுகளை ஓ. எம். எட்வர்ட்ஸ் வாங்கி, 1891இல் தான் தொடங்கிய 'கம்ரி' பத்திரிகையில் பயன்படுத்தினார். இன்று அவை தேசிய நூலகத்தில்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒன்று, வயதான பெண்களை உயரமான கறுப்புத் தொப்பி மாட்டி, சால்வை போர்த்தி, தேநீர் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து எடுத்தவை. இந்தத் தொப்பி 'தேசிய உடை' ஆன கதையில் லேடி லானோவர் என்ற நிலவுடைமைச் சீமாட்டிக்குப் பெரிய பங்குண்டு. வெல்ஷ் மொழியையும் உடையையும் காப்பதன் நன்மைகள் பற்றி 1834 கார்டிஃப் ஐஸ்டெத்வாடில் பரிசு பெற்றவர். உடுத்தியவர்கள் உழவர் வீட்டுப் பெண்கள், அதற்குப் பொருள் சொன்னது மாளிகை. ரயிலேறி வந்த ஆங்கிலேயச் சுற்றுலாப்பயணிகள் இந்தப் படங்களை வாங்கிப்போனார்கள். இன்னொன்று, வாசற்படியில் நின்று காமிராவை நேராகப் பார்க்கிற உழைப்பாளி முகங்கள். தகட்டில் பதிய சில நொடியாவது அசையாமல் நிற்கவேண்டும். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். பெயர் எழுதப்பட்டவர் உண்டு, எழுதப்படாதவர் அதிகம். போதகர்களுக்குத் தவறாமல் பெயர் இருக்கிறது.

இந்த ஓ. எம். எட்வர்ட்ஸ் ஏன் படங்களை வாங்கினார் என்பதற்கு இன்னொரு ஆவணத்தைத் திறக்க வேண்டும். 1847இல் வேல்ஸின் கல்விநிலை பற்றி லண்டன் அரசு மூன்று தொகுதி அறிக்கை வெளியிட்டது. நீல அட்டை போட்டவை. விசாரித்த மூன்று ஆணையர்களும் ஆங்கிலேய வழக்கறிஞர்கள், வெல்ஷ் தெரியாதவர்கள். பள்ளிகள் மோசம் என்பதில் அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் மொழியே மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்றும், பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்றும், சபை ஆலயங்களின் இரவுக் கூட்டங்களே அதற்கு வழி என்றும் சேர்த்து எழுதினார்கள். வெல்ஷ் மக்கள் அதற்கு 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று பெயர் வைத்தார்கள், 1854இல் ஆர். ஜே. டெர்ஃபெல் எழுதிய நாடகம் அப்பெயரை நிலைக்கச் செய்தது. பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டிவிடுவார்கள். அடுத்துப் பேசுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் கட்டை அதன் கழுத்துக்கு மாறும். பள்ளி விடும்போது யாரிடம் இருக்கிறதோ அதற்கு அடி. சிறுவனாகத் தன் கழுத்தில் கட்டை தொங்கியதை எட்வர்ட்ஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இதில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று: இந்தக் கட்டையை மாட்டச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. பல இடங்களில் வெல்ஷ் ஆசிரியர்களே மாட்டினார்கள், பெற்றோர்கள் சம்மதித்தார்கள். இங்கிலீஷ் வந்தால் பையன் பிழைத்துக்கொள்வான் என்ற நினைப்பு. கிராம்ஷியின் மேலாண்மைக் கருத்தை ஆங்கில உலகுக்கு 1960இலேயே அறிமுகம் செய்த வரலாற்றாசிரியர் க்வின் ஏ. வில்லியம்ஸ் ஒரு வெல்ஷ்காரர். இரும்புத்தொழில் ஊரான டௌலைஸில் பிறந்தவர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தடியால் மட்டும் ஆள முடியாது, ஆளப்படுகிறவனின் சம்மதமும் வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இருந்திருக்க மாட்டார்.

*

வேல்ஸின் அச்சிட்ட முதல் வரைபடம் 1573இல் ஆன்ட்வெர்ப்பில் ஓர்டீலியஸ் தன் உலகப்பட நூலின் இணைப்பில் சேர்த்தது. வரைந்தவர் டென்பி நகரத்து ஹம்ஃப்ரி லூயிட். 1568 ஆகஸ்டில் மரணப்படுக்கையில் இருந்துகொண்டு அனுப்பி வைத்தார். லத்தீன், ஆங்கிலம், வெல்ஷ் மூன்று மொழிப் பெயர்களும் உண்டு. நாட்டின் கிழக்கு எல்லை செவர்ன் ஆறுவரை நீண்டு கிடக்கிறது. அன்றைய நிர்வாக எல்லை அதுவல்ல. இழந்த நிலத்தையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். சுதந்திரம் போன ஒரு நாட்டின் மனவரைபடம் இது என்று சொல்லி நெகிழலாம். நெகிழ்வதற்கு முன் ஒன்றைப் படித்துவிட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மாடோக் என்ற வெல்ஷ் இளவரசன் கடல் தாண்டிப் போய்ப் புதிய நிலம் கண்டான் என்ற கதையை வரலாற்று நூலில் ஏற்றியவரும் இதே லூயிட்தான். அந்தக் கதையை ஜான் டீ பிடித்துக்கொண்டு, ஸ்பெயினுக்கு முன்பே அமெரிக்கா எலிசபெத் ராணிக்குச் சொந்தம் என்று வாதாடினார். தோற்ற நாட்டின் கனவு ஜெயித்த நாட்டின் பத்திரமாக மாறியது.

கதை அதோடு நிற்கவில்லை. 1790களில் அமெரிக்காவில் வெல்ஷ் பேசும் செவ்விந்தியர் இருக்கிறார்கள் என்ற பேச்சு வேல்ஸெங்கும் பரவியது. யோலோவும் புறப்படுவதாக இருந்தார், போகவில்லை. போனவர் ஜான் எவன்ஸ் என்ற இளைஞர். மிசூரி ஆற்றின் வழியே மேலேறி மாண்டன் மக்களிடையே ஒரு குளிர்காலத்தைக் கழித்து, இங்கே வெல்ஷ் பேசுவோர் யாரும் இல்லை என்று எழுதினார். 1799இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் வரைந்த மிசூரி வரைபடம் ஜெஃபர்சன் கைக்கு வந்து, 1804இல் புறப்பட்ட லூயிஸ்-கிளார்க் பயணத்துக்கு வழிகாட்டியது. அதன்பின் அந்த மக்களுக்கு நடந்தது நமக்குத் தெரியும். இல்லாத உறவினரைத் தேடிப்போன ஒருவன், இருந்த மக்களின் நிலத்துக்கு வழி போட்டுக்கொடுத்தான். எல்லாம் புனைவு என்று கைகழுவுகிறவர்கள் இந்த வரைபடத்தைச் சற்று நேரம் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை வரைபடமே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்: தசமபாகம். 1836இல் இதைப் பண வரியாக மாற்றிச் சட்டம் வந்தது. வரி போட நிலத்தை அளக்க வேண்டும். சர்வேயர்கள் கிளம்பினார்கள். ஒவ்வொரு திருச்சபை வட்டத்துக்கும் ஒரு வரைபடம், ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். கூடவே நம்மூர் அடங்கல் மாதிரி ஒரு பதிவேடு: நிலம் யாருடையது, உழுபவர் யார், பரப்பு எவ்வளவு, பயிரா மேய்ச்சலா, வரி எவ்வளவு. பெரும்பாலான வெல்ஷ் விவசாயிகள் அந்தத் திருச்சபையைச் சேராதவர்கள். தாங்கள் போகாத கோயிலுக்குக் கப்பம். 1880களில் இதை எதிர்த்து வடக்கே பெரும் கலவரம் மூண்டது. ஜப்திக்கு வந்த ஏலக்காரர்களை விவசாயிகள் விரட்டினார்கள், படை இறங்கியது.

இந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: வயலின் பெயர். பல இடங்களில் உழுபவனைக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்கள். பறிப்பதற்காகப் போட்ட பட்டியல், ஒரு மொழியின் வயற்பெயர்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய அகராதியாக ஆகிவிட்டது. பள்ளத்து வயல், கொல்லன் வயல், கிணற்றடி வயல் என்று ஆயிரமாயிரம். 2014 முதல் 2017வரை தேசிய நூலகம் இவற்றைக் கணினியில் ஏற்றியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட வரைபடங்களிலும் ஏறத்தாழ 30,000 பதிவேட்டுப் பக்கங்களிலும் இருந்ததை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய உதவியவர்கள் தன்னார்வலர்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'கனெவின்'. ஆடு தன் மலையை அறிந்திருப்பதுபோல ஒருவருக்குப் பழகிய சொந்த இடம் என்று பொருள். வரிக்காரனின் பதிவேட்டை வரி கொடுத்தவர்களின் வாரிசுகள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது இப்படி. ஆவணம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கே கடைசிவரை விசுவாசமாக இருப்பதில்லை. ஆனால் தானாகக் கட்சி மாறுவதும் இல்லை. யாராவது உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பெயர்க்க வேண்டியிருக்கிறது.

மைக்கேல் ஹெக்டர் 1975இல் வேல்ஸை 'உள்நாட்டுக் காலனி' என்றார். பயனுள்ள கருத்து, ஆனால் வேல்ஸ் காலனி மட்டும் அல்ல. வடக்கே பென்ரின் ஸ்லேட் குவாரியில் 1900 நவம்பர் முதல் 1903 நவம்பர்வரை மூன்றாண்டு போராட்டம் நடந்தது. இந்த வீட்டில் துரோகி இல்லை என்று அச்சிட்ட அட்டைகளைத் தொழிலாளர்கள் ஜன்னலில் வைத்தார்கள். அந்த அட்டைகள் இன்று காப்பகப் பொருள். குவாரியின் முதலாளி பென்ரின் பிரபு. அந்தக் குடும்பத்தின் பெரும்பணம் வந்தது ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. அடிமை முறை ஒழிந்தபோது 764 பேருக்கு ஈடாக 14,683 பவுண்டு வாங்கினார்கள். ஈட்டுத்தொகை அடிமைகளுக்கு அல்ல, உடையவருக்கு. வெல்ஷ் தொழிலாளியின் வீரத்தைப் பேசும்போது அவன் உடைத்த குவாரியை விரித்த முதல் எங்கிருந்து வந்தது என்றும் பேசவேண்டியிருக்கிறது.

நமக்கும் அங்கே காகிதம் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் ஆவணங்களில் ஒரு பெரும் தொகுதி அதே அபெரிஸ்ட்வித் நூலகத்தில். அவர் மகன் எட்வர்ட் கிளைவ், வேல்ஸின் போவிஸ் குடும்பத்து ஹென்றியெட்டாவை மணந்தவர், 1798 முதல் 1803வரை சென்னை கவர்னர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், அதே ஆண்டில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் இவர் பதவியில் இருந்தபோது. ஊர் திரும்பியதும் 1804இல் போவிஸ் பிரபு ஆனார். திப்புவின் கூடாரம் இன்றும் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதையும் வேல்ஸின் பாரம்பரியத்தில் ஒன்றாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

*

ட்ரவெரின் பள்ளத்தாக்கு வடவேல்ஸில் பாலா நகருக்கு மேற்கே. காப்பெல் கெலின் என்ற சிற்றூர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், ஒரு சபை ஆலயம், அதன் கல்லறைத் தோட்டம், பண்ணைகள். கிட்டத்தட்ட முழுக்க வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். 1955இல் லிவர்பூல் மாநகராட்சி அங்கே அணை கட்டத் தீர்மானித்தது. ஏற்கனவே 1880களில் லான்வுத்தின் கிராமத்தை மூழ்கடித்து வர்ன்வி அணையைக் கட்டிப் பழக்கப்பட்ட மாநகராட்சி. வேல்ஸின் உள்ளூராட்சிகளிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்பதற்காக நேரடியாகப் பாராளுமன்றத்துக்குத் தனி மசோதா கொண்டுபோனது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1957இல் மசோதா நிறைவேறியது. இதைவிட எளிமையாக ஜனநாயகத்தின் எண்கணிதத்தை விளக்க முடியாது.

1956 நவம்பர் 21 அன்று ஊரே கிளம்பி லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனது. 'அ கம்ரோ' என்ற வெல்ஷ் வாரப்பத்திரிகையின் படக்காரர் ஜெஃப் சார்ல்ஸ் உடன் போனார். அவர் வாழ்நாளில் எடுத்த ஏறத்தாழ 1,20,000 நெகடிவ்கள் தேசிய நூலகத்தில் உள்ளன. இந்த ஊர்வலப் படங்களை மீண்டும் மீண்டும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்ட ஆண்கள், தொப்பி வைத்த பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். பிடித்திருக்கும் அட்டைகளில் உங்கள் வீடுகள் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வீடுகளை மூழ்கடிக்காதீர்கள் என்கிற மாதிரி வாசகங்கள். எழுதியிருப்பது ஆங்கிலத்தில். தங்கள் மொழி புழங்கும் ஒரு ஊரைக் காப்பாற்றப் போனவர்கள், மூழ்கடிக்கப் போகிறவனின் மொழியில்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. ஸ்பிவாக் கேட்ட கேள்வியை வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்தப் படத்தில் அது அட்டையில் எழுதித் தெருவில் போகிறது.

1965இல் அணை திறக்கப்பட்டது. சுமார் 800 ஏக்கர். 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து எட்டு உடல்களை உறவினர்கள் எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். மற்றவற்றின் மேல் கான்கிரீட் போட்டார்கள். ஹாவோட் வாதோக் என்ற பண்ணையும் நீருக்குள் போனது. 'ஹாவோட்' என்றால் கோடையில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய்த் தங்கும் இடம், 'வாதோக்' என்பது மாடோக் என்ற ஆளின் பெயர். அதே பெயர்தான், இந்த மாடோக் கடலைத் தாண்டவில்லை, மாடு மேய்த்தான். பதினேழாம் நூற்றாண்டில் க்வேக்கர்கள் கூடிய வீடு அது. துன்புறுத்தலுக்குத் தப்பி அந்த வட்டாரத்து க்வேக்கர்கள் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஒரு பண்ணையின் பெயருக்குள் ஒரு மேய்ச்சல் முறை, ஒரு மதப் போராட்டம், ஒரு புலப்பெயர்வு. இப்போது தசமபாக வரைபடத்தைத் திறந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு எண் இருக்கிறது. நிலம் இல்லை.

2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. 1966இல் பிளைட் கம்ரி கட்சியின் க்வின்வோர் எவன்ஸ் அக்கட்சியின் முதல் பாராளுமன்ற உறுப்பினராக வென்றதற்கு ட்ரவெரின் ஒரு காரணம் என்பார்கள். மொழியைப் பொறுத்தவரை கணக்கு வேறு மாதிரி: 1911 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசியவர்கள் 43.5 சதவீதம், 2021இல் 17.8.

இந்த விஷயத்தில் எந்தக் காப்பகமும் எடுத்துவைக்காத ஒரு ஆவணம் உண்டு. அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே லான்ரிஸ்டட் அருகில் சாலையோரத்தில் இடிந்த வீட்டின் ஒரு சுவர். அதில் 1960களில் மைக் ஸ்டீஃபன்ஸ் என்ற இளைஞர் பெயின்டால், ட்ரவெரினை மறக்காதீர் என்ற பொருளில் இரண்டு சொற்களை எழுதினார். எழுதியபோது பிழை. முன்சொல்லை ஒட்டி வரும்போது இரண்டாம் சொல்லின் முதல் மெய்யெழுத்து மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. நம் கணக்கில் சந்திப்பிழை. பின்னால் இவர் வேல்ஸ் கலைக்குழுவின் இலக்கியப் பிரிவுக்கு இயக்குநராகி, வெல்ஷ் இலக்கியத்துக்கு ஒரு பெரும் கையேட்டையும் தொகுத்தார். பிழையை யாரோ ஒருவர் திருத்தி மறுபடி எழுதினார். வேறு யாரோ அழித்தார்கள், மேலே வேறு எழுதினார்கள், மறுபடி சிவப்பு அடித்து வெள்ளையில் எழுதினார்கள். 2019 ஏப்ரலில் யாரோ சுவரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். தகவல் தெரிந்து வந்த இளைஞர்கள் அந்த வார இறுதிக்குள்ளேயே கற்களை அடுக்கி மீண்டும் கட்டி எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த சில வாரங்களில் வேல்ஸின் வேறு வேறு ஊர்களில் கொட்டகைச் சுவர்களிலும் பாலங்களிலும் அதே இரண்டு சொற்கள் தோன்றின. அவற்றை எழுதியவர்களில் அநேகமாக எல்லோரும் 1965க்குப் பிறகு பிறந்தவர்கள்.